கள்ளி நாற்றுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நான்கு மாதங்களுக்கு முன் வீட்டுக்குள் ஒரு தட்டில் கள்ளி விதை தூவினீர்கள். 40 நாற்றுகள் மிளகு அளவில் நிற்கின்றன. கள்ளி பாலைவனச் செடி, தண்ணீர் அதிகம் கேட்காது என்று படித்ததால் 15 நாளுக்கு ஒருமுறை தட்டு நிறைய ஊற்றுகிறீர்கள். இப்போது சில நாற்றுகள் சிவந்து சுருங்குகின்றன. சில, அடிப்பகுதி கண்ணாடி போலாகிச் சாய்கின்றன. ஊற்றுவது கூடிப்போயிற்றா, குறைந்துபோயிற்றா என்பது உங்கள் சந்தேகம்.

இரண்டும்தான். ஒரே தட்டில், ஒரே காரணத்தால் இரண்டும் நடக்கிறது. நாற்றின் வேர் தலைமுடியைவிட மெல்லியது. மண் சுத்தமாகக் காய்ந்ததும் வேரின் நுனியும் அதைச் சுற்றியுள்ள தூவிகளும் கருகிப்போகின்றன. 15 நாள் பட்டினி போட்டுவிட்டு நீங்கள் விருந்து வைக்கும்போது, உண்ண வாயே இல்லாத நிலையில் செடி உட்கார்ந்திருக்கிறது. செத்த வேர் ஈர மண்ணில் கிடந்து பூஞ்சைக்குத் தீனியாகிறது. அதில் தப்பியவை அடுத்த பட்டினியில் சுருங்குகின்றன.

கள்ளி வறட்சியைத் தாங்கும் என்பது பொய்யில்லை. வளர்ந்த கள்ளிக்கு அது பொருந்தும். வெட்டி எறிந்த துண்டுகூட வேலியோரம் வேர்விட்டுப் பிழைப்பதைப் பார்த்தே நமக்கு இந்த நம்பிக்கை வந்தது. அந்தத் துண்டு வளர்ந்த செடியின் உடல். உள்ளே பல மாதத்துக்கான நீரைச் சேர்த்துவைத்திருப்பது. (சதுரக்கள்ளி, திருகுகள்ளி என்று நாம் சொல்லும் பால் வடியும் கள்ளிகள் உண்மையில் வேறு குடும்பம், ஆமணக்கின் உறவு. சப்பாத்திக்கள்ளிதான் அசல் கள்ளிக் குடும்பம். நாற்று விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை என்பதால் இதை இங்கேயே விட்டுவிடலாம்.)

உங்கள் நாற்றிடம் என்ன சேமிப்பு இருக்கிறது? குறுக்களவு 4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உடல் முழுவதும் தண்ணீராகவே இருந்தாலும் ஒரு சொட்டு தேறாது. 10 செ.மீ. உருண்டைக் கள்ளியோடு ஒப்பிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு துளிக்கும் இந்தச் சின்னதன் தோல் 25 மடங்கு அதிகம். அந்தத் தோலின் மேல் மெழுகுப் பூச்சும் இன்னும் தடித்திருக்காது. வளர்ந்த கள்ளி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் மட்டும் திறந்து மூச்சுவிடும். நீரை மிச்சம்பிடிப்பதில் அதன் பெரிய சூட்சுமம் அதுதான். மிக இளம் நாற்றுகள் பலவற்றில் அந்த ஏற்பாடு முழுதாக வேலைக்கு வந்திருக்காது. மற்றச் செடிகளைப் போலப் பகலில் துளைகளைத் திறந்து நீரை இழக்கின்றன. சப்பாத்திக்கள்ளி இன நாற்றுகளில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

பாலைவனத்திலேயே நாற்று எங்கே பிழைக்கிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்தில் தூண் போல நிற்கும் சாகுவாரோ கள்ளி கோடை மழையில் முளைக்கிறது. வெட்டவெளியில் முளைத்தது அநேகமாகச் செத்துப்போகும். பாலோ வெர்டே போன்ற ஒரு மரத்தின் நிழலில், அதன் சருகுகளுக்கிடையே முளைத்ததுதான் நிற்கும். செடி நூலோர் அப்படிப்பட்ட மரத்தைச் செவிலி என்றே சொல்கிறார்கள். அந்த நிழலிலும் முதல் எட்டு ஆண்டில் அது எட்டும் உயரம் 3 செ.மீ. அளவுதான். பிற்காலத்தில் 10 மீட்டருக்கு மேல் ஓங்கி நிற்கும் செடி இது. வீட்டுக்குள் வளர்க்கும் நீங்கள் அந்தச் செவிலி மரத்தின் வேலையைத்தான் பார்க்கிறீர்கள்: நிழலும் ஈரமும் தந்து, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டையும் விலக்கிக்கொள்வது.

அதனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு நாள் கணக்கில் விடை தரமாட்டேன். நாற்றின் வயதும் உங்கள் மண் காயும் வேகமும்தான் விடை.

முதல் இரண்டு மூன்று மாதம் நாற்றுகள் மூடிய பையிலோ மூடி போட்ட பெட்டியிலோ இருந்தால் தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. ஆவியான நீர் சுவரில் பனித்துத் திரும்ப மண்ணுக்கே இறங்கிவிடும். சுவரில் பனி அறவே இல்லாமல் போனால் மட்டும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் ஒரு உருப்பெருக்கியை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள், பிறகு கிடைக்காது. பச்சைக் குமிழ் ஒன்று. அதன் தலையில் பக்கத்துக்கு ஒன்றாக முயல்காது போன்ற இரண்டு சிறு மேடுகள், அவைதான் வித்திலைகள். இரண்டுக்கும் நடுவில் வெள்ளை முடி போன்ற முதல் முட்கள், தொட்டால் குத்தாது, இறகு போல வளையும். சப்பாத்திக்கள்ளி வகையாக இருந்தால் வித்திலை உண்மையான இலை போலவே பெரிதாக விரியும்; முதல் முறை விதைப்பவர்கள் களை முளைத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுவதும் உண்டு.

நீங்கள் மூடியிருந்தீர்களா, எப்போது திறந்தீர்கள் என்று எழுதவில்லை. நாற்று வளர்ப்பில் அதிகச் சாவு விழுவது அந்தத் திறப்பில்தான். என் அனுபவத்தையே சொல்கிறேன். விதைத்து மூன்று மாதமான பெட்டி ஒன்று. உள்ளே 60 நாற்றுகள் தளதளவென்று நின்றன. இனி காற்று படட்டும் என்று மூடியை மொத்தமாக எடுத்துவிட்டு இரண்டு நாள் வெளியூர் போனேன். திரும்பி வந்தபோது மண்ணில் ஈரம் இருந்தது, நாற்றுகள் உலர்ந்த திராட்சை போலக் கிடந்தன. ஈரக் காற்றிலேயே பிறந்து வளர்ந்த தோலுக்கு வறண்ட காற்று திடீரென்று தாங்கவில்லை. வேர் இழுத்துத் தரும் வேகத்தைவிடத் தோல் வழியாகப் போகும் வேகம் அதிகம். இப்போதெல்லாம் முதலில் பையில் நாலைந்து ஊசித்துளை போடுகிறேன். சில நாள் கழித்து ஒரு மூலையைத் திறக்கிறேன். முழுதாகத் திறப்பதற்குள் இரண்டு வாரமாவது ஆகிவிடும்.

திறந்த பிறகு, ஏறக்குறைய ஒரு வயது வரை உள்ள காலம்தான் உங்களுடையது. இதில் விதி இது: மேல்மண் காய வேண்டும், அடிமண் காயக்கூடாது. மேற்பரப்பு எப்போதும் நசநசவென்று இருந்தால் பாசியும் அழுகலும் வரும். அடி வரை காய்ந்தால் வேர் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் தண்ணீர் வைக்க வேண்டும். கதகதப்பான அறையில், ஆழமில்லாத சிறு தொட்டியில், பாதிக்கு மேல் கல்லும் மணலும் கலந்த மண்ணில் அது 3 முதல் 6 நாளில் வரலாம். உங்கள் அறையில் இரண்டே நாளிலும் வரலாம், எட்டு நாளும் ஆகலாம். நாள்காட்டியில் குறித்துவைத்து ஊற்றுகிறவர்களின் நாற்றுதான் முதலில் போகிறது.

காய்ந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குக் கைதான் தராசு. நனைத்து வடிந்ததும் தொட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் தூக்குங்கள், அதற்கு மறுநாளும் தூக்குங்கள். ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். தண்ணீரால் ஏறிய கனத்தில் பாதி இறங்கியதும் தண்ணீர் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். தட்டு பெரிதாக இருந்து தூக்க முடியாவிட்டால் ஒரு பல்குச்சியை ஓரமாக அடி வரை செருகி ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். நுனி கறுத்து ஈரமாக இருந்தால் பொறுங்கள். நுனியில் மட்டும் லேசான ஈரம் என்றால் அன்றே வைக்கலாம். மேலே பரப்பிய பொடிக்கல்லை மட்டும் நம்ப வேண்டாம். அது வெளுத்துக் காய்ந்து கிடக்கும், அதற்குக் கீழே சேறாக இருக்கும்.

தண்ணீரை மேலிருந்து ஊற்றுவதை நான் விட்டுப் பல காலம் ஆகிறது. பூவாளித் தண்ணீர் விழும் வேகத்தில் மிளகளவு நாற்று வேரோடு பெயர்ந்து படுத்துவிடும். அகலமான தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அடியில் துளையுள்ள தொட்டியை அதில் உட்காரவையுங்கள். 10 முதல் 20 நிமிடத்தில் ஈரம் மேலே ஏறி, மேற்பரப்பின் நிறம் மாறும். நிறம் மாறியதும் எடுத்து முழுதாக வடியவிட வேண்டும். தட்டிலேயே மறந்துவிட்டால் அடிமண்ணில் காற்று நுழைய வழியில்லாமல் வேர் மூச்சுமுட்டும். உங்கள் தட்டுக்கு அடியில் துளை இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

தெளிப்பானில் புகை போலத் தெளிப்பதைத் தண்ணீர் வைப்பது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அது மேல் 2 மி.மீ. மண்ணை நனைக்கும், வேர் இருக்கும் இடத்துக்குப் போகாது; பாசிக்கு மட்டும் கொண்டாட்டம். பை திறந்த முதல் சில நாட்களில் காற்றைக் கொஞ்சம் ஈரமாக்கத் தெளிக்கலாம், அத்தோடு சரி.

கள்ளி இரவில் மூச்சுவிடும் செடி, அதனால் மாலையில்தான் தண்ணீர் வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். திறந்த வெளியில் கடும் வெயிலில் நிற்கும் பெரிய செடிக்கு அது பொருந்தலாம். மூடிய அறையில், காற்றோட்டமில்லாத மூலையில் நிற்கும் நாற்றுக்குக் காலைதான் நல்லது என்பது என் கருத்து. பகல் முழுவதும் மேற்பரப்பு உலர நேரம் கிடைக்கும்.

எந்தத் தண்ணீர்? மழைநீர் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. கடினத் தண்ணீரை மாதக்கணக்கில் அடியிலிருந்தே ஊறவிட்டால் உப்பு மேலே ஏறி வந்து மண்ணின் மேலும் நாற்றின் இடுப்பிலும் வெள்ளையாகப் படியும். மண் மெல்லக் காரத்தன்மைக்குப் போய், இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் நாற்று மஞ்சளாகும். வேறு தண்ணீருக்கு வழியில்லையென்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலிருந்து மெல்லிய தாரையாக நிறைய விட்டு உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். சில்லென்ற தண்ணீரை அப்படியே வைக்க வேண்டாம், அறைச் சூட்டுக்கு வரட்டும்.

இனி அந்தச் சிவப்பு. தண்ணீர்க் குறைவு மட்டும் அதற்குக் காரணமாக இருக்காது. ஜன்னல் வெளிச்சம் மிகுந்தாலும் நாற்று சிவக்கும். பீட்ரூட்டுக்கு நிறம் தரும் அதே வகை நிறமியைக் கள்ளி தன் தோலில் குடையாக விரித்துக்கொள்கிறது. இளஞ்செம்மை என்றால் கவலையில்லை. செங்கல் நிறத்துக்குப் போய் வளர்ச்சியும் நின்றிருந்தால் நண்பகல் வெயில் நேரடியாகப் படாத இடத்துக்கு மாற்றுங்கள், அல்லது மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். மூடிய பையை வெயிலில் வைத்தால் சிவப்போடு நிற்காது, உள்ளே வெந்தேவிடும். எதிர்ப்பக்கக் குறையும் உண்டு: வெளிச்சம் போதாமல் நாற்று வெளிறி, உருண்டையாக இருக்க வேண்டியது தீக்குச்சி போல நீளும். நீண்டது பிறகு குறுகாது. எல்.இ.டி. விளக்கு வைக்கிறீர்களென்றால் 20 முதல் 30 செ.மீ. உயரத்தில், நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் என்று தொடங்கி, செடியின் நிறத்தைப் பார்த்துத் தூக்கவோ இறக்கவோ செய்யலாம்.

தாகத்தையும் அழுகலையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தாகத்தில் வாடும் நாற்று மங்கும், உச்சி தட்டையாகும், மண்ணுக்குள் அமுங்குவது போலத் தெரியும். ஆனால் குச்சியால் தொட்டால் உறுதியாக இருக்கும். அழுகும் நாற்றோ பளபளக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அடிப்பகுதி ஊடுருவித் தெரியும், நிறம் தேன் போலவோ ஆரஞ்சாகவோ மாறும், தொட்டால் தோல் நழுவும். இதுதான் நாற்றழுகல், பித்தியம், ரைசோக்டோனியா, ஃபியூசேரியம் போன்ற மண்வாழ் உயிரிகளின் வேலை. இளகிய நாற்றைக் காப்பாற்ற மருந்தில்லை. ஒரு சிறு கரண்டியால் சுற்றியுள்ள ஒரு செ.மீ. மண்ணோடு சேர்த்து அள்ளி வெளியே போட்டுவிடுங்கள். அந்த இடத்தை இரண்டு நாள் உலரவிட்டு, நாற்றுகளுக்கென்று விற்கும் பூஞ்சைக்கொல்லி ஏதாவது ஒன்றை அதன் உறையில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் போகாமல் மீதிக்குக் கொடுக்கலாம். சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டையின் தூளைத் தூவச் சொல்வார்கள். தூவுங்கள், கெடுதல் இல்லை. ஈரத்தைக் குறைக்காமல் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

சாய்ந்த நாற்றுகளின் அடியில் இன்னொன்றையும் தேடச் சொல்வேன். கொசுவைவிடச் சிறிய கறுப்பு ஈக்கள் மண்ணின் மேல் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருமுறை நன்றாக இருந்த நாற்று ஒன்று காலையில் படுத்துக் கிடந்தது. எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் வட்டமாக ஒரு ஓட்டை, உள்ளே நூல் போன்ற வெள்ளைப் புழு ஒன்று, தலை மட்டும் மிளகுக் கறுப்பு. வெளியே தோல் அப்படியே இருக்க, உள்ளே கூடாகத் தின்றிருந்தது. அந்த ஈயின் புழு ஈரமான மட்கில்தான் பெருகும். மேற்பரப்பைக் காயவிடுவதும், 5 மி.மீ. தடிப்புக்குப் பொடிக்கல் பரப்புவதும், பக்கத்தில் மஞ்சள் பசை அட்டை நிறுத்துவதும் பெரும்பாலும் போதும். மிஞ்சினால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்து புழுவை மட்டும் கொல்லும், செடியைத் தொடாது.

மண் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாதிக்கு மேல் நுரைக்கல், பெர்லைட், பருமணல் போன்ற நீர் தங்காத பொருள், மீதி நன்றாக மட்கிய சலித்த மட்கு. விதைக்கும் முன் ஆவியில் வேகவைத்து ஆறவிட்டது நல்லது. தொட்டி ஆழமாக இருக்க வேண்டாம். வேர் எட்டாத அடிமண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

உரம் இப்போது வேண்டாம். வாடிய வேருக்கு உரம் புண்ணில் உப்பு. புது வளர்ச்சி உச்சியில் தெரிந்த பிறகு, தழைச்சத்து குறைந்த திரவ உரத்தைச் சொல்லியிருக்கும் அளவில் கால்பங்காகக் கரைத்து மாதம் ஒருமுறை தாருங்கள். இடமாற்றமும் இப்போது வேண்டாம். நாற்றுகள் ஒன்றையொன்று தொட்டுத் தள்ளத் தொடங்கும்போது பிரித்து நட்டால் போதும். நெருக்கமாக நிற்கும் நாற்றுகள் நன்றாகவே வளர்கின்றன, தனியாகப் பெரிய தொட்டியில் நட்டதுதான் ஈரத்தில் தவிக்கிறது. நட்டதும் இரண்டு மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் விடுங்கள், அறுந்த வேர் ஆறட்டும்.

எல்லா இனத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மரங்களின் மேல் தொற்றி வாழும் எபிஃபில்லம், ரிப்சாலிஸ் போன்றவையும் டிராகன் பழக் கொடியும் வெப்பமண்டலக் காட்டு மரபில் வந்தவை. அவற்றின் நாற்றுக்கு எந்த வயதிலும் வறட்சிப் பயிற்சி தேவையில்லை. அரியோகார்பஸ் போன்றவை மண்ணுக்குள் கிழங்கு போல வேரைப் பருக்கவைத்துக்கொண்டு வெளியே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகரும். வளரவில்லையே என்று கூடுதலாக ஊற்றினால் அந்தக் கிழங்குதான் முதலில் அழுகும். மற்ற உருண்டைக் கள்ளிகளில், நாற்று ஒன்றரை செ.மீ. தாண்டி முள் கெட்டிப்பட்ட பிறகு மண் முழுதாகக் காய்ந்து இரண்டு நாள், பிறகு நான்கு நாள் என்று இடைவெளியை மெல்ல நீட்டலாம். முதல் குளிர்காலத்தில் பெரிய செடிக்குச் செய்வது போல முற்றாக நிறுத்திவிடக் கூடாது. அறை கதகதப்பாக, விளக்கோடு இருந்தால் வழக்கம்போல வைக்கலாம். 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் அறையென்றால் வேர் வற்றாத அளவுக்கு எப்போதாவது கொஞ்சம் போதும்.

உங்கள் தட்டுக்கு வருகிறேன். சாய்ந்தவற்றை இன்றே மண்ணோடு அள்ளி எறியுங்கள். தட்டை நண்பகல் வெயிலிலிருந்து விலக்குங்கள். மண் அடி வரை காய்ந்திருந்தால் ஒரேயடியாக ஊறவைக்காமல், அடித்தட்டில் மெல்லிய அடுக்காகத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். மறுநாள் இன்னொரு ஐந்து நிமிடம். மேலே ஒரு கண்ணாடித் தாளைத் தளர்வாக, ஓரம் திறந்தபடி போட்டு ஒரு வாரம் வைத்தால், வேர் புதிதாகக் கிளைக்கும் வரை தோல் வழியாகப் போகும் நீர் குறையும். சுருங்கியவை உப்பிவர மூன்று நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். தொட்டால் உறுதியாக இருக்கும் நாற்று உப்பவில்லையே என்று மூன்றாம் நாள் இன்னொரு முறை ஊற்றிவிடாதீர்கள்; தட்டைத் தூக்கிக் கனம் பாருங்கள், இறங்கியிருந்தால் மட்டும் வையுங்கள்.